மெழுகுவத்திப் பாடம்

ஒரு வகுப்பில் கேட்ட கேள்விக்கெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினால் எனக்கு மூக்கில் வேர்த்துவிடும். கணக்கு டீச்சராகவே பாதி ஆயுசைக் கழித்தவள் நான். ஒரு விஷயம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் புரிந்ததாக நான் கண்டதே இல்லை. நாலு பேருக்குப் புரியும், பத்துப் பேர் புரிந்த மாதிரி தலையாட்டுவார்கள், மிச்சப் பேர் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். அதுதான் வகுப்பு. அப்படி இல்லாத வகுப்பைப் பார்த்தால், இங்கே யாரோ யாருக்கோ காதில் பூச்சுற்றுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில் இருக்கிற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக நான் போன வருஷம், பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவின் அறிவியல் பாடம் அப்படித்தான் இருந்தது.

பதவி உயர்வில் போயிருந்தேன். முதல் கூட்டத்திலேயே எங்கள் மேலதிகாரி கறாராகச் சொல்லிவிட்டார். “ரூம்ல உக்காந்து டீ குடிக்கிற ஹெச்.எம். எனக்கு வேண்டாம். கிளாஸ்ல போய் கடைசி பெஞ்சுல உக்காருங்க. புஸ்தகத்துல இருக்கிறது அட்டவணைப்படி நடக்குதான்னு பாருங்க. பாத்ததை அன்னிக்கே செயலியில ஏத்துங்க.” வீட்டுக்கு வந்து இதை என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை இறக்கி என்னைப் பார்த்தார். “சந்தேகப்படுறதுக்குச் சம்பளமா? உனக்குன்னே கண்டுபிடிச்ச வேலைதான் போ” என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. நான் தட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போது கடைக்காரர் முகம் எப்படிப் போகிறது என்றும் பார்ப்பேன்.

அறிவியல் ஆசிரியர் திருப்புட்குழியிலிருந்து மொபெட்டில் வருவார். ஒல்லியான ஆள், நாற்பதைத் தாண்டியவர், சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் தூள் கறை. ஒரு நாளும் தாமதம் கிடையாது, லீவு கிடையாது. பாடக்குறிப்பு எழுதினால் அச்சடித்த மாதிரி இருக்கும். ஆசிரியர்கள் அறையில் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். மற்றவர்கள் அகவிலைப்படியிலிருந்து மருமகள் வரைக்கும் பேசிக்கொண்டிருக்கும்போது, அவர் மூலையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருப்பார். ஏதாவது கேட்டால் சிரிப்பார், தலையை ஆட்டுவார். பேசுகிறவரிடம் ஏதாவது ஓர் இடத்தில் பிடி கிடைக்கும். பேசாதவரிடம் எதைப் பிடிப்பது? வந்த வாரமே எனக்கு அவர்மேல் ஒரு கண்.

முதல் தடவை நான் ‘பி’ பிரிவுக்குள் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தபோது அவர் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பி நின்றார். கொஞ்ச நேரம் சும்மாவே நின்றார். உடனே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், கெட்டியான இரட்டைப் பின்னலும் துடுக்கான கண்ணுமாக, எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு மெழுகுவத்தியையும் கண்ணாடி வில்லை ஒன்றையும் எடுத்து மேசைமேல் வைத்தாள். இரண்டு பையன்கள் ஜன்னல் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தன் வெள்ளைத் தாளைச் சுவரில் பிடித்தான். மெழுகுவத்தியை ஏற்றினார்கள். தாளில் சுடர் தலைகீழாக விழுந்தது.

“குவிலென்ஸ்ல பிம்பம் தலைகீழா வரும் மிஸ். கிட்ட கொண்டாந்தா பெருசாவும்” என்று அந்தப் பெண் எனக்கே விளக்கினாள். அடுத்தவன் எழுந்து ஏன் என்று சொன்னான். அவனுக்கு அடுத்தவள் கிட்டப்பார்வைக்கு எந்தக் கண்ணாடி என்று சொன்னாள். ஆசிரியர் கையைக் காட்டுவார், பிள்ளைகள் பேசும். எல்லாக் கையும் மேலே, எல்லாப் பதிலும் சரி. மாணவரே செய்து கற்கும் வகுப்பு என்று பயிற்சிகளில் வாய் ஓயாமல் சொல்வார்களே, அது கண்முன்னால் நடந்தது. அன்று செயலியில் ‘மிக நன்று’ என்று போட்டேன். போடும்போதே ஒரு உறுத்தல் இருந்தது. இவ்வளவு அழகாக எதுவும் நடக்காதே என்று தோன்றியது.

உறுத்தல் வீண்போகவில்லை. இடைப்பருவத் தேர்வு முடிந்து மதிப்பெண் வந்தபோது ‘பி’ பிரிவில் பாதிப் பேர் அறிவியலில் தேறவில்லை. ஒளியியலில் கேட்ட கேள்விகளுக்கு மட்டும் எல்லாரும் எழுதியிருந்தார்கள். மின்னோட்டத்தில் கேட்டதற்கு ஆளாளுக்கு இஷ்டத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். மறுபடி போனேன். மெழுகுவத்தி. ஒரு வாரம் விட்டுப் போனேன். மெழுகுவத்தி. அவருடைய பாடக்குறிப்பை வரவழைத்துப் பார்த்தால் மின்னோட்டவியல் முடியப்போகிறது என்று இருக்கிறது. அட்டவணையும் அதையே சொல்கிறது. வகுப்பில் நான் பார்ப்பதோ ஜூலை மாசத்தோடு முடிந்திருக்க வேண்டிய பாடம். எனக்கு விஷயம் பளிச்சென்று தெரிந்துவிட்டது, அல்லது தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். இந்த ஆள் இரண்டாம் பாடத்தைத் தாண்டவே இல்லை. அந்த ஒரு பாடத்தைப் பிள்ளைகளுக்கு உருப்போட வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பாடக்குறிப்பில் மட்டும் நடத்துகிறார். நாளைக்கு மார்ச்சில் பரீட்சை எழுதப்போவது பாடக்குறிப்பு இல்லை, அந்தப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் பத்தாவது தாண்டினவர் ஒருத்தரும் இல்லை.

அது மட்டும் இல்லை. நான் வருவது அவருக்கு எப்படி முன்கூட்டியே தெரிகிறது? போகும்போதெல்லாம் மெழுகுவத்தி எப்படித் தயாராக இருக்கிறது? யாரோ தகவல் சொல்கிறார்கள். என் சந்தேகம் முதலில் அலுவலக உதவியாளர் அம்மாள்மேல் விழுந்தது. மணி அடிக்கிற சாக்கில் வராந்தாவில் எனக்கு முன்னால் போய்க்கொண்டே இருப்பாள். ஒருநாள் அவளை வேண்டுமென்றே தபால் ஆபீசுக்கு அனுப்பிவிட்டுப் போனேன். அப்போதும் மெழுகுவத்திதான். திரும்பி வந்து, “என்னாமா, அந்தத் தபாலு நாளைக்குப் போனா ஆவாதா? வெயிலு மண்டையப் பொளக்குது” என்று அலுத்துக்கொண்டாள். இவள் இல்லை என்று என் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

அடுத்து என் செருப்பைச் சந்தேகப்பட்டேன். நடந்தால் சத்தம் போடுகிற செருப்பு அது. ஒரு மத்தியானம் அதை அறையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, சத்துணவுக் கூடத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனேன். முட்டை ஓடும் முருங்கைக் காம்பும் காலில் குத்தின. கழுவின அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டிருந்த சமையல்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எதுனா தொலைச்சிட்டீங்களாம்மா?”

“ஒண்ணும் இல்ல. நீங்க வேலையப் பாருங்க.”

“செருப்பையா தேடுறீங்க?”

வேகமாக நடந்தேன். ஒரு தலைமையாசிரியை வெறுங்காலோடு முருங்கை மரத்துக்குப் பின்னால் பம்மிக்கொண்டு போவதை அன்றைக்கு அந்த அம்மாவோடு சேர்ந்து காக்கைகளும் வேடிக்கை பார்த்தன. வகுப்பு வாசலை எட்டினேன். ஜன்னலோரப் பெண் என்னைப் பார்த்துப் பவ்யமாக எழுந்து “வணக்கம் மிஸ்” என்றாள். மேசைமேல் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. அதற்கப்புறம் நாள் தவறாமல் போக ஆரம்பித்தேன். காலையில் போவேன், மத்தியானம் போவேன், சில நாள் இரண்டு வேளையும் போவேன். போகிற ஒவ்வொரு வேளையும் அந்தச் சுடர் அந்தத் தாளில் தலைகீழாக நின்றது. பிள்ளைகளுக்குச் சலிப்பே தட்டவில்லை. முதல் தடவை கேட்கிற மாதிரியே கண்ணை விரித்துக்கொண்டு கையைத் தூக்கினார்கள். அவரோ கையை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றார்.

ஒருநாள் சாயங்காலம் மணி அடித்ததும் அவரை அறைக்குக் கூப்பிட்டேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“சார், மின்னோட்டவியல் முடிச்சாச்சா?”

அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். என் மேசையிலிருந்த காகிதப் பாரத்தைப் பார்த்தார். வெகுநேரம் கழித்து, “முடியல மேடம்” என்றார்.

“குறிப்புல முடிஞ்ச மாதிரி எழுதியிருக்கீங்களே?”

மறுபடி உதடு இறுகியது. கண்ணை ஒருதரம் மூடித் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்துத் தெரிந்தது. கேட்ட கேள்விக்குப் பொய் தேடுகிறவர்கள் இப்படித்தான் நேரம் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். எத்தனை பிள்ளைகள், எத்தனை சாக்கு, எல்லாம் பார்த்தவள்தானே.

“பாடம் நடக்கலைன்னு நான் எழுதித்தான் ஆகணும் சார். உங்களை வேற ஸ்கூலுக்கு மாத்துவாங்க. தெரியும்ல?”

அப்போதுதான் அவர் என் முகத்தை நேராகப் பார்த்தார். “மார்ச்...” என்றார். நின்றார். நான் காத்திருக்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்தேன். “மார்ச் வரைக்கும்... விடுங்க மேடம். இந்தப் பசங்கள முடிச்சுட்டு... எங்க வேணா போறேன்.”

நேரம் கடத்தப் பார்க்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மார்ச் வரைக்கும் விட்டால் பரீட்சையே வந்துவிடும், அப்புறம் யாரை மாற்றி என்ன? அன்றைக்குச் சாயங்காலமே செயலியைத் திறந்தேன். ‘பாடத்திட்டம் நடைமுறைப்படுத்தப்படவில்லை. இரண்டாம் பாடத்திலேயே வகுப்பு நிற்கிறது. வேறு ஆசிரியர் தேவை’ என்று அடித்து ஏற்றினேன். மனசு இலேசாக இருந்தது, அதையும் மறைப்பானேன்.

இரண்டொரு நாளில் காஞ்சிபுரத்தில் ஒரு கூட்டம் என்று கிளம்பினேன். போய்ச் சேர்ந்த பிறகு கூட்டம் தள்ளிப்போய்விட்டது என்றார்கள். பஸ் பிடித்துத் திரும்பி வந்தால், முன்வாசலை அடைத்துக்கொண்டு முட்டை வண்டி நிற்கிறது. பின்வாசல் வழியாக நுழைந்தேன். ‘பி’ பிரிவை ஒட்டி உடைந்த பெஞ்சுகள் போட்டுவைத்த அறை ஒன்று உண்டு. மாதிரித் தேர்வுக்கு அதில் எத்தனை பெஞ்சு தேறும் என்று பார்த்துவிடலாம் என்று உள்ளே போனேன். அதற்கும் வகுப்புக்கும் நடுவில் பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று எனக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

“வைகாசியில கருட சேவைக்கு ரோடு பூரா சீரியல் செட் போடுவாங்கல்ல? அதுல ஒரு பல்பு பீஸ் போச்சுன்னா என்னா ஆவும்?”

“மொத்தமும் பூடும் சார்.”

“சரி. உங்க வூட்டு அடுப்பங்கரையில பல்பு போச்சுன்னா, கூடத்துல எரியறது அணையுமா?”

“அணையாது சார்.”

“ஏன் அணையாது? அதே கரண்டுதான வருது?”

ஒருத்தன் வீட்டுக் கரண்டுக்கு பவர் அதிகம் என்றான். இன்னொருத்தி, கோயில் கரண்டு வேறு லைனிலிருந்து வருகிறது என்றாள். மூன்றாவது ஒருத்தன் நாம பில் கட்டுறோம்ல சார் என்றான். வகுப்பே சிரித்தது, அவரும் சிரித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

“தப்புதான். ஆனா நீ யோசிச்சுகினு இருக்கிற, அதுதான் வேணும். இப்ப பாருங்க, ரெண்டு விதமா ஒயரை இழுக்கலாம். நான் போடுறேன், எதுல போனா எல்லாம் போவும், எதுல போனா ஒண்ணு மட்டும் போவும்னு நீங்களே சொல்லுங்க.”

குரல் தங்குதடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பிள்ளைகள் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தன் மூன்று தடவை கேட்டும் புரியவில்லை என்றான். நாலாவது தடவையும் அவர் சொல்லிக் கொடுத்தார். நான் உட்கார்ந்திருந்தபோது அந்த வகுப்பில் ஒரு தப்பான பதிலைக்கூட நான் கேட்டதில்லை. புரியவில்லை என்று ஒரு பிள்ளைகூடச் சொன்னதில்லை. பெஞ்சுத் தூசியில் நின்றபோதுதான் எனக்கு அது உறைத்தது.

தூசி மூக்கில் ஏறி ஒரு தும்மல் போட்டேன். பலகையின் ஓட்டையில் ஒரு கண் வந்து எட்டிப் பார்த்தது. துடுக்கான கண்.

“சார். ஹெச்.எம்.”

அவ்வளவுதான். பெஞ்சுகள் கரகரத்தன. ஜன்னல்கள் சாத்துகிற சத்தம் கேட்டது. அந்தக் குரல், பாதி வாக்கியத்தில், அப்படியே நின்றுபோனது.

நான் சுற்றிக்கொண்டு வகுப்புக்குள் போனேன். கரும்பலகையில் பாதி அழித்த மின்சுற்று. மேசைமேல் மெழுகுவத்தி. அவர் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு ஏதோ சொல்ல வாயெடுத்தார். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. என் அறையில் பார்த்த அதே நரம்பு. ஒரு சொல்லும் வரவில்லை. வியர்த்துக் கொட்டியது. ஜன்னலோரப் பெண் அவருக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, “ஒளியியல் மிஸ்” என்றாள்.

அவளை வெளியே அழைத்துக்கொண்டு போனேன். “யாரு இதைச் செய்யச் சொன்னது? சாரா?” என்று கேட்டேன்.

“சார் ஒண்ணியும் சொல்லல மிஸ். நீங்க மொத தபா வந்தப்ப சாருக்குப் பேச்சு வரல. யாருனா பெரியவங்க பின்னாடி உக்காந்தா அவருக்கு வராது. எங்களுக்குத் தெரியும். மெழுகுவத்திப் பாடம்னா சார் பேசாமலே நடத்தலாம். நாங்க பேசிக்குவோம். நீங்க வர்றத நான் ஜன்னல்லேர்ந்து பாத்துச் சொல்லிடுவேன்.” கொஞ்சம் தயங்கினாள். “நீங்க வந்தா ஒரு தபா நடத்திட்டு, போனதும் எங்க பாடத்துக்குப் போவோம். எங்களுக்குப் புரியற வரைக்கும் சார் நகர மாட்டாரு, அதான் பரிச்சைக்குள்ள கரண்டு பாடம் முடியல. அப்பறம் நீங்க டெய்லி வர ஆரமிச்சிட்டீங்க. பாடமே நகரல.”

நான் சின்னக் காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டு மாடியில் குடியிருந்தேன். வரதரைச் சேவித்துவிட்டுக் காரில் வருகிறவர்கள், தறி பார்க்க வேண்டும் என்று தரகர்களோடு கீழ்வீட்டுக்கு வருவார்கள். உடனே அந்த நெசவுக்காரர் உள்ளறையில் நெய்துகொண்டிருந்த புடவையை விட்டுவிட்டு எழுந்து வந்து, முன்னறைத் தறியில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டுவார். அந்தத் தறியில் பாவு நூல் போட்டிருப்பதே வருகிறவர்கள் பார்ப்பதற்குத்தான். கார் கூட்டம் அதிகமான நாளில் உள்ளறைப் புடவை ஒரு முழம்கூட ஏறாது. இது என்ன ஊரை ஏமாற்றுகிற வேலை என்று நான் பல தடவை முணுமுணுத்ததுண்டு. அன்று சாயங்காலம் படி ஏறும்போது நெசவுக்காரர் மனைவியிடம் கேட்டேவிட்டேன். “உள்ள இருக்கிறதையே காட்டினா என்னங்க?” அவர் நூல் சுற்றுவதை நிறுத்தாமலே, “நாலு பேரு நின்னுகினு பாத்தா கை தடுமாறுதும்மா. வுழற எழை தப்பா வுழுந்துடும்” என்றார். ‘பி’ பிரிவில் நெசவு வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அவர்கள் யாரையும் ஏமாற்றுவதாக நினைத்திருக்க மாட்டார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு ஒன்று, வேலைக்கு ஒன்று. வீட்டில் பழகினதை வகுப்பில் செய்திருக்கிறார்கள்.

மறுநாள் காலையில் முதல் வேலையாக மேலதிகாரிக்குப் போன் போட்டேன்.

“சார், அந்த ரிப்போர்ட்டு தப்பு. பாடம் நடக்குது.”

“நீங்க போட்டதுதானே மேடம்? தினம் போய் பாத்துட்டுப் போட்டது.”

“நான் போகாதப்ப நடக்குது சார். போனா நின்னுடுது.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “ஹெச்.எம். பாக்காதப்ப நல்லா நடக்குதுன்னு நான் மேல எப்படிச் சொல்றது? எழுத்துல இது நிக்குமா?” குரல் மாறியது. “அந்த சார் உங்களுக்கு வேண்டியவரா? யாராவது சொல்லச் சொன்னாங்களா?”

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ பேரிடம் அந்தத் தொனியில் கேட்டிருக்கிறேன். என்னை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. என்ன சொன்னாலும் அவர் காதில் பொய்யாகத்தான் விழும் என்று போனை வைத்துவிட்டேன். நேரில் போய்ப் பார்த்தேன். ஏற்றினதை இறக்க வழியில்லை என்றார்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன்னாலேயே மாற்றுப்பணி ஆணை வந்துவிட்டது. உத்திரமேரூர் தாண்டி ஒரு பள்ளி. அவருக்குப் பதிலாக ஆள் போட இப்போதைக்கு ஒருவரும் இல்லை.

விடுவிப்புச் சீட்டில் நான் கையெழுத்துப் போடும்போது அவர் எதிரே நின்றார். உட்காருங்க சார் என்றேன். உட்கார்ந்தார். “ஏன் சார் சொல்லல? ஒரு வார்த்தை எழுதிக் காட்டியிருந்தாக்கூடப் போதுமே” என்றேன். எனக்கு அவர்மேலும் கோபம்தான். நான் மந்திரவாதியா, சொல்லாமல் தெரிந்துகொள்ள? இன்றைக்கும் அந்தக் கோபம் எனக்கு முழுசாகப் போகவில்லை.

அவர் நிதானமாகப் பேசினார். இடையிடையே நின்றார். நான் இந்தத் தடவை கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த பள்ளியில் பார்வைக்கு வந்த ஒருவர், பிள்ளைகள் முன்னாலேயே இவர் திக்குகிற மாதிரிப் பேசிக்காட்டிச் சிரித்தாராம். அந்தப் பிள்ளைகளும் சிரித்தார்களாம். “இந்தப் பசங்க... சிரிக்கல மேடம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். மொபெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ‘பி’ பிரிவு மொத்தமும் வாசல்வரை போய் நின்றது. நான் யாரையும் உள்ளே போகச் சொல்லவில்லை.

அறிவியலை நானே எடுப்பது என்று முடிவு செய்தேன். கணக்கு படித்தவளுக்கு இயற்பியல் புரியாதா என்ன. ராத்திரி உட்கார்ந்து படித்தேன், குறிப்பெடுத்தேன். பரீட்சைக்கு நாள் இருந்தது. எந்தப் பாடம் நடந்திருக்கிறது, எது நடக்கவில்லை என்று தெரிந்தால் மிச்சத்தை முடித்துவிடலாம். அவருடைய பாடக்குறிப்பை நம்ப முடியாது, அது அட்டவணைக்காக எழுதினது. பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

நான் நுழைந்ததும் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். கடைசி பெஞ்சுக்குப் போகாமல் மேசைக்கு வந்தேன். மேசை காலியாக இருந்தது.

“சார் எதுல விட்டாரு?”

முன்பெஞ்சுப் பையன் திரும்பி ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு, “எல்லாம் முடிச்சிட்டாரு மிஸ்” என்றான்.

“மின்னோட்டவியல்?”

“முடிச்சாச்சு மிஸ்.” வகுப்பு முழுக்கச் சொன்னது.

“ஒலியியல்?”

“முடிச்சாச்சு மிஸ்.”

“அணுக்கரு இயற்பியல்?”

“முடிச்சாச்சு மிஸ்.”

முன்பெஞ்சுப் பையனின் புத்தகத்தை வாங்கிப் புரட்டினேன். ஒளியியல் பக்கங்கள் கந்தலாகக் கிடந்தன. அதற்கப்புறம் கொஞ்ச தூரம் அடிக்கோடும் மடிப்பும் இருந்தன. ஒலியியலிலிருந்து பக்கங்கள் பிரித்த மாதிரியே இல்லை.

“இங்க பாருங்கப்பா. எனக்குத் தெரியும், முடியல. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. நான் திட்ட மாட்டேன். முதல்லேர்ந்து சொல்லித்தரேன். உங்க பரீட்சை இது.”

ஜன்னலோரப் பெண் எழுந்தாள். என்னை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

“நீங்க திட்டுவீங்கன்னு பயம் இல்ல மிஸ். எங்களுக்குத் தெரியலன்னு சொன்னா, சார் நடத்தலன்னு எழுதுவீங்க. அவரு இப்பப் போன எடத்துக்கும் அத அனுப்புவீங்க.”

“எழுத மாட்டேன்மா.”

“சரிங்க மிஸ்” என்று உட்கார்ந்துகொண்டாள்.

நம்பாதவர்கள் எப்படிச் சரி என்பார்கள் என்பது எனக்குத் தெரியாததா? வரிசை வரிசையாகப் பார்த்தேன். ஒரு முகத்திலும் எனக்கு இடம் இல்லை. பாடம் தெரியாமல் மார்ச்சில் பரீட்சைக்குப் போய் உட்காருவார்களே தவிர, தெரியாது என்று என்னிடம் ஒருத்தரும் சொல்லப்போவதில்லை. நான் சாக்பீஸை எடுத்துக் கரும்பலகையில் ஒலியியல் என்று எழுதினேன். ஒலி எப்படி உண்டாகிறது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கினார்கள்.